மொட்டை மாடியில ப்ளாக்பெர்ரியா ராஸ்பெர்ரியா? எங்க வடசென்னை காலடிப்பேட்டை தண்ணிக்கு எது தாங்குச்சுன்னு சொல்றேன்

2023 பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டு ப்ளாக்பெர்ரி, ரெண்டு ராஸ்பெர்ரி செடி வாங்கினேன். நாலுக்கும் ஒரே சைஸ் பை, ஒரே மண்ணு, காலைல வெயில் அடிச்சு மதியத்துக்கு மேல தண்ணி டேங்க் நிழல் விழற அதே மூலை. இன்னைக்கு மாடியில இருக்கறது ப்ளாக்பெர்ரி மட்டும் தான், அதுவும் ரெண்டு அஞ்சாகி நிக்குது. அதனால நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன். ஆனா ராஸ்பெர்ரி ஏன் போச்சுன்னு முழுசா சொன்னா தான் உங்க மாடிக்கு எது ஒத்து வரும்னு நீங்க பாக்க முடியும், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் இருக்கறவங்க முக்கியமா படிங்க.

எல்லாரும் சொல்ற வித்தியாசத்த சட்டுனு தாண்டிடலாம். பறிக்கும்போது ராஸ்பெர்ரி நடுக்காம்ப செடியிலயே விட்டுட்டு தொப்பி மாதிரி கழண்டு வரும், உள்ள குழியா இருக்கும். ப்ளாக்பெர்ரி அந்த நடுப்பாகத்தோட சேந்தே வரும். ராஸ்பெர்ரி மறுநாளே கசிஞ்சு போகும், ப்ளாக்பெர்ரி ஃபிரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும். ரெண்டுக்கும் தனித்தனியா ஆண் செடி பொண் செடி வேணாம், ஒரு செடி இருந்தாலே காய்க்கும், தேனீ வந்தா பழம் முழுசா திரளும். வாசனையில ராஸ்பெர்ரி தான் மேல, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

குளிர் வேணுமேன்னு கேப்பாங்க. ஆமா, 7 டிகிரிக்கு கீழ இத்தன மணி நேரம் இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, ராஸ்பெர்ரில பெரும்பாலான வகைக்கு 800 மணி நேரத்துக்கு மேல கேக்கும், ப்ளாக்பெர்ரில 200, 300 மணி நேரம் போதும்ங்கற வகைலாம் இருக்கு. நம்மூர்ல மார்கழி விடியக்காலைல கூட 20 டிகிரி கிட்ட தான் இருக்கும், அதனால ரெண்டு கணக்குமே இங்க செல்லாது. வழி என்னன்னா குளிருக்கு காத்திருக்காம முதல் வருஷத் தண்டுலயே பூக்கற வகைய வாங்கணும். ராஸ்பெர்ரில ஹெரிடேஜ்னு ஒண்ணு 1969லயே அமெரிக்கால வந்துடுச்சு, ப்ளாக்பெர்ரில அர்கன்சா பல்கலைக்கழகம் 2004ல தான் முதல் வகைய விட்டாங்க, முள்ளே இல்லாம அப்படி காய்க்கற பிரைம் ஆர்க் ஃப்ரீடம் 2013ல வந்துச்சு. என்கிட்ட இருக்கறதுக்கு வகை பேரு எழுதின அட்டை எதுவும் கிடையாது, முள்ளில்லாதது, முதல் வருஷமே பூக்கும்னு சொல்லி குடுத்தாங்க, ரெண்டுமே சரியா தான் இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன், தண்ணி. எங்க வீட்டு போர் தண்ணிய டிடிஎஸ் மீட்டர்ல, அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப காட்டற மீட்டர்ல, பாத்தா 1800 காட்டுது. பீச் ரோடு எங்க வீட்ல இருந்து நடக்கற தூரம், அதனால இது ஆச்சரியமும் இல்ல. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி உள்ள ஏறி வரத 1969லயே கண்டுபிடிச்சிட்டாங்க, வடசென்னைல போர் போட்ட எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். இந்த தண்ணிலயே நான் பத்து வருஷமா கத்திரி, தக்காளி, முருங்கை எல்லாம் வளத்திருக்கேன், அந்த தைரியத்துல தான் பெர்ரிக்கும் அதையே ஊத்தினேன். தக்காளி, வேர் மண்ணுல உப்பு 2.5 ஈசி வரைக்கும் போனாலும் அசராது (ஈசின்னா மின்சாரம் எவ்ளோ கடத்துதுன்னு பாத்து உப்ப சொல்ற கணக்கு). ப்ளாக்பெர்ரிக்கு 1.5 தான் எல்லை, அதத் தாண்டினா ஒவ்வொரு யூனிட்டுக்கும் விளைச்சல்ல 22 சதவீதம் அடிபடும்னு உப்பு தாங்கற பயிர் பட்டியல்ல போட்டிருக்கு. ராஸ்பெர்ரி அதுக்கும் கீழ. எங்க போர் தண்ணி பைக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஈசி கணக்குல கிட்டத்தட்ட 2.8, வெயில்ல தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் தங்கிடும்போது அது எங்க போய் நிக்கும்னு யோசிங்க.

முதல்ல இலை நுனி பழுப்பாச்சு, அப்புறம் ஓரம் முழுக்க தீஞ்ச மாதிரி. நான் தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் அதே போர் தண்ணிய சாயங்காலமும் ஊத்தினேன், மொத்தமும் அங்க தான் கெட்டுச்சு. ஏப்ரல் கடைசில ஒரு ராஸ்பெர்ரி போச்சு, அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கவே இல்ல. பக்கத்துல இருந்த ப்ளாக்பெர்ரியும் இலை கருகி கேவலமா இருந்துச்சு, ஆனா அடியில புது முளை விட்டுட்டே இருந்துச்சு. அப்ப தான் மீட்டர் வாங்கினேன்.

மெட்ரோ தண்ணி எங்களுக்கு 350 காட்டுது. காட்டுப்பள்ளில 2010ல ஓட ஆரம்பிச்ச கடல் தண்ணி சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கற அளவுக்கு கட்டினது, அது வந்தப்புறம் இந்தப் பக்கம் குடிக்கற தண்ணி கொஞ்சம் பரவால்ல. ஆனா குடிதண்ணிய செடிக்கு ஊத்தறதுக்கு மனசு வராது, எங்க மாமியாருக்கு சுத்தமா வராது, "இன்னாம்மா, கொடம் புடிச்சி வச்ச தண்ணிய முள்ளு செடிக்கு ஊத்தினுகீறே"ன்னு ஒரு நாள் நேராவே கேட்டுட்டாங்க, அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு, 80கள்ல லாரி தண்ணிக்கு விடிய விடிய வரிசைல நின்னவங்க.

அப்ப கண்ணுல பட்டது ஏசி தண்ணி. காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து சொட்டறது, உப்பே கிடையாது, மீட்டர் 20 தான் காட்டுச்சு. ராத்திரி ஏசி ஓடினா காலைல ஒரு பக்கெட்டுக்கு கொஞ்சம் கம்மியா நிக்குது, கடல் பக்கம் புழுக்கம் ஜாஸ்தி இல்லையா, அது இதுக்கு நல்லதாப் போச்சு. தண்ணி பத்தலன்னா ஒரு பங்கு போர் தண்ணிக்கு மூணு பங்கு ஏசி தண்ணி கலந்தா 460, 470க்கு வந்துடும். ஐப்பசி கார்த்திகைல மழைத் தண்ணிய டிரம்ல புடிச்சு வச்சிக்கறேன். ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய செடிக்கு ஊத்துங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, தயவுசெஞ்சு பெர்ரிக்கு ஊத்தாதீங்க, உள்ள போன தண்ணியோட உப்பு அத்தனையும் அந்த வேஸ்ட் பைப்ல தான் சேந்து வருது.

உப்பு இன்னொரு வழியாவும் வரும், கோகோபீட், அதான் தேங்காய் நார்த்தூள். கம்மி விலைக் கட்டில உப்பு அப்படியே இருக்கும், அஞ்சு கிலோ கட்டிய ஊற வச்சு மூணு தடவை அலசி புழிஞ்சிட்டு தான் செம்மண்ணும் மண்புழு உரமும் சேக்கறேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பைக்கு அடியில தண்ணி ஓடற அளவுக்கு நல்ல தண்ணிய விட்டு கழுவி விடணும்.

மிச்சம் இருந்த ராஸ்பெர்ரி ஒண்ணு தண்ணி மாத்தினப்புறம் அழகா தெளிஞ்சுச்சு, அக்டோபர்ல மொட்டு கூட வச்சுது, மொத்தமே பதினோரு பழம். அதையும் தண்ணி தான் கொண்டு போச்சு, இந்த தடவ மழைத் தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ரெண்டு நாள் மாடிக்கே ஏற முடியல, அடி ஓட்டை அடைச்சிட்டு பைல தண்ணி தேங்கி நின்னுடுச்சு. ராஸ்பெர்ரிக்கு வேரழுகல் சீக்கிரம் புடிக்கும், ப்ளாக்பெர்ரி அந்த விஷயத்துல நல்லாவே தாக்குப் புடிக்கும், எங்க மாடியிலயும் அப்படியே தான் நடந்துச்சு, ஒரே மழை, ஒரே தேக்கம், பத்து நாள்ல ராஸ்பெர்ரி அடித்தண்டு கருத்து சாஞ்சுது. கோடைல உப்பு, மழைல தேக்கம், வடசென்னை மாடில ஒரு செடி இந்த ரெண்டையும் தாண்டி ஆகணும்.

ப்ளாக்பெர்ரி வளக்கறதுக்கு நான் புடிச்சு வச்சிருக்கற ஒழுங்கு இது. சித்திரைல பழம் முடிஞ்சதும் காய்ச்ச தண்ட தரையோட கவாத்து பண்ணிடறேன். தண்டோட அடிப்பாகத்துல அடுத்த வருஷம் ஒரு காய்ப்பு வரும்னு சொல்வாங்க, ஒரு தடவ விட்டுப் பாத்தேன், குளிர் இல்லாததால மொட்டுக்கண்ணு முழிக்கவே இல்ல. மே, ஜூன்ல 50 சதவீத பச்சை வலைக்கு கீழ சும்மா உயிரோட வச்சிருந்தா போதும். ஆடி மழைல புதுத் தண்டு கெளம்பும், மூணடி வந்ததும் நுனியக் கிள்ளினா பக்கக் கிளை வரும், மார்கழில பூ. பூத்து ஒன்றரை மாசத்துல பழம், மாசி பங்குனில பறிப்பு, வெயில் ஏறி பூ கொட்டறதுக்குள்ள முடிச்சிடணும், முப்பது டிகிரிய தாண்டினா பிஞ்சு சரியா புடிக்காது. பழம் பளபளன்னு கருப்பா இருக்கும்போது பறிக்காதீங்க, வாய் கூசற புளிப்பு, பளபளப்பு போய் மங்கினப்புறம் லேசா தொட்டாலே கையில வரும், அப்ப தான் இனிப்பு. அணிலுக்கும் அந்த நாள் தெரியும், அதனால வலை கட்டாம விட்டா நமக்கு மிஞ்சாது.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா இரும்புச்சத்து ஏறலன்னு அர்த்தம், போர் தண்ணி மண்ண காரமாக்கிடும், இதுக்கு புளிப்பு மண்ணு வேணும், 5.5ல இருந்து 6.5 பிஎச்.

விளைச்சல் பத்தி பெருசா நெனச்சுக்காதீங்க, 2024ல எண்ணி நாப்பது பழம், 2025ல அஞ்சு பைக்கும் சேத்து முக்கா கிலோ கிட்ட. என் அனுபவம் ரெண்டு பறிப்பு தான், இந்தச் செடிங்க அஞ்சாறு வருஷம் இந்த வெயில்ல நிக்குமான்னு நின்னப்புறம் தான் சொல்வேன். ராஸ்பெர்ரியையும் ரெண்டே செடில வச்சு தான் பேசறேன், அதுல ஒண்ண என் தண்ணி தான் கொன்னுச்சு. கோத்தகிரி, கொடைக்கானல்ல வீடு இருக்கறவங்க கண்ணை மூடிட்டு ராஸ்பெர்ரி வைங்க, அந்தப் பக்கம் ரோட்டோரத்துலயே மஞ்சள் ராஸ்பெர்ரி காடா காய்க்கும்.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. ப்ளாக்பெர்ரின்னு சொல்லி மல்பெரிய தலையில கட்டறது சகஜம், எனக்கும் 2022ல ஒரு தடவ ஆச்சு. மல்பெரி இலை தனி இலை, பட்டுப்புழு திங்கற இலை. ப்ளாக்பெர்ரி காம்புக்கு காம்பு மூணு இல்ல அஞ்சு சின்ன இலையா இருக்கும். மல்பெரி நல்ல மரம் தான், உப்பும் தாங்கும், வேலையும் கம்மி, தொட்டில வச்சு பழம் மட்டும் போதும்னா அதையே வைக்கலாம், அந்தப் புளிப்பு கலந்த ருசி அதுல வராது, அவ்ளோ தான்.

ரெண்டு செடி அஞ்சானது பதியத்துல. நீளமா வளர்ற தண்டோட நுனிய வளைச்சு பக்கத்து தொட்டி மண்ணுல பொதச்சு கல்லு வச்சா ஒரு மாசத்துல வேர் புடிச்சிடும், சிவப்பு ராஸ்பெர்ரில இப்படி வராது, அது வேர்ல இருந்து கன்னு விடும். போன ஆவணில ஒண்ணு பக்கத்து வீட்டு அக்காவுக்கு குடுத்தேன், கையோட மீட்டரையும் எடுத்துட்டுப் போய் அவங்க போர் தண்ணிய பாத்தோம், 2100. "அப்ப நான் இன்னாத்த ஊத்தறது"ன்னாங்க. அவங்க பெட்ரூம் ஏசி பைப் சொட்டற இடத்துக்கு நேரா கீழ தொட்டிய நகத்தி வச்சிட்டு வந்தோம், இந்த மார்கழில அதுல நாலு கொத்து பூ வந்திருக்கு.