அகதா கிறிஸ்டியின் சுயசரிதை: ஒரு மருந்தாளர் படித்தது

மட்டக்களப்பு நகரில் பழைய புத்தகக் கடையொன்றில் இந்த ஆங்கிலப் பதிப்பை 700 ரூபாய்க்கு வாங்கினேன். முதுகுப் பசை விட்டுப்போய் நடுப்பக்கங்கள் கையோடு வருகின்றன. பொடி எழுத்து வேறு. கல்லடியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் வைத்துப் படிக்க முடியாது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டோர்க்கி நகர ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர், துப்பறியும் நாவலாசிரியை கிறிஸ்டி. அவருக்குப் பயிற்சி கொடுத்த மருந்துக் கடைக்காரர், குயூராரே என்ற நஞ்சுக் கட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தாராம், அது தனக்குப் பலம் தருகிறது என்று சொல்லிக்கொண்டு. அதே மனிதர் ஒரு நாள் தசமப் புள்ளியை இடம் மாற்றி, மருந்தை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்துவிடுகிறார். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கிய மாணவி, தடுக்கியதுபோல் பாவனை செய்து தட்டைக் கவிழ்த்து, சிதறியதை மிதித்து நசுக்கிவிடுகிறார்! தினமும் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்டும் எனக்கு அவர் எழுதியவற்றில் இதுதான் முதலிடம்.

அவருக்குத் தனி எழுத்தறை கிடையாது. ஆடாத மேசையும் தட்டச்சு இயந்திரமும் போதும். இரவில் குற்றக்கதை எழுதும் என் போன்றவர்களுக்கு இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. டோர்க்கிக்கு வந்த பெல்ஜிய அகதிகளை நினைத்துத்தான் தன் கதைகளின் துப்பறிவாளர் பொய்ரோவைப் பெல்ஜியராக்கினார். முதல் நாவலுக்குக் கைக்கு வந்தது 25 பவுண்.

குழந்தைப் பருவம் நீண்டுகொண்டே போகிறது, தாண்டிப் படிக்கலாம். 1926இல் அவர் 11 நாட்கள் காணாமல் போன விவகாரத்துக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். அதைப்பற்றி மூச்சே விடவில்லை. அது அவருடைய உரிமை. ஆனாலும் எனக்குக் கோபம்தான்.