‘அலாய் கம்பி’ என்று விற்ற கேபிளால் மோட்டார் எரிந்தது: எல்லைப்புற விவசாயிகள் கவனத்திற்கு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இப்புறம் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. மீட்டர்ப் பெட்டியிலிருந்து கிணறு 400 மீட்டர் தொலைவு என்பதால், 7.5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 10 சதுர மில்லிமீட்டர் அலுமினிய கேபிள் தேவைப்பட்டது. விலை குறைவு என்று கேள்விப்பட்டு எல்லைக்கு அப்பால் ஒரு கடையில் வாங்கினேன். “இது அலாய் கம்பிங்ண்ணா, சுத்த அலுமினியத்தைவிட உறுதி” என்றார் கடைக்காரர். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தது என் தவறு.

நாற்பது நாளில் மோட்டார் எரிந்தது. காயில் கட்டியவர் குறைந்த மின்னழுத்தமே காரணம் என்றார். கட்டி இறக்கிய பிறகு அளந்தபோது, மீட்டர்ப் பெட்டியில் 400 வோல்ட் இருக்க, கிணற்றடியில் 365 வோல்ட்தான் வந்து சேர்ந்தது.

கம்பி கனம் குறைவாக இருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். கோவையில் கம்பி இழுக்கும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் மைத்துனர், ஒரு மீட்டர் நீளம் வெட்டி, உறையை உரித்துத் தராசில் வைக்கச் சொன்னார். 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் மீட்டருக்கு 27 கிராம் இருக்க வேண்டும்; இதுவும் 26 கிராமுக்கு மேலேயே இருந்தது. பிறகு இணைப்பைக் கழற்றி, கிணற்று முனையில் கேபிளின் இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் மின்தடையை அளந்தோம். இந்தியத் தர நிர்ணயப்படி கிலோமீட்டருக்கு 3.08 ஓமுக்கு மிகக்கூடாது. போகவர 800 மீட்டருக்கு, வெயில் சூட்டையும் சேர்த்தால், 2.6 ஓம் அளவில் நிற்க வேண்டும். எங்களுக்கு வந்தது 3.8. செம்பின் கடத்துதிறனை 100 என்று கொண்டால், மின்கம்பிக்கான அலுமினியம் 61 இருக்க வேண்டிய இடத்தில் இது 40ஐக்கூட எட்டவில்லை. எடையும் கனமும் சரியாக இருந்தும் உலோகமே தவறானது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மைத்துனர் விளக்கியது கடைக்காரரின் சொல்லை அப்படியே உடைத்துவிட்டது. அலுமினியத்தில் கரைந்து நிற்கும் டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு ஆகியவை மிகச் சிறிதளவே இருந்தாலும் மின்னோட்டத்தைத் தடுக்கும் என்பதால், முறையான ஆலைகளில் உருகிய உலோகத்தில் போரான் சேர்த்து, டைட்டானியத்தையும் வனேடியத்தையும் போரைடுகளாக்கி உலையின் அடியில் படியவிடுகிறார்கள். உண்மையான அலாய் கம்பியும் இருக்கிறது. மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்த்து, கம்பியை மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்துப் பதப்படுத்தும்போது, கரைந்திருந்த அவ்விரண்டும் நுண்துகள்களாகப் பிரிந்து வெளிவருவதால் உறுதியும் கடத்துதிறனும் சேர்ந்தே உயர்கின்றன. அந்தக் கம்பியே 52க்கு மேல் காட்டும். ஆகவே 40க்குக் கீழே நிற்பதற்கு ‘அலாய்’ என்பது காரணமாகாது. பழைய பிஸ்டனும் சக்கரமும் பாத்திரமும் கலந்து உருக்கிய உலோகமாகவே இது இருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது, உங்கள் ஊர் மின்சாரம்தான் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆனால் முறையான ரசீதும் உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாமல் எதை வைத்து வாதாடுவது? மோட்டார் இரண்டாம் முறை எரியும் முன் கேபிளை மாற்றிவிட்டேன். இப்போது கிணற்றடியில் 380 வோல்ட் வருகிறது.

அதே கடையில் எங்கள் பகுதியில் இன்னும் சிலர் வாங்கியிருக்கிறார்கள். கோடைப் பாசனம் தொடங்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்து, இரு முனைகளிலும் இணைப்பைக் கழற்றிவிட்டு, நான் சொன்னபடி ஒருமுறை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் சொந்த வயர்களுக்கான தடையைக் கழித்துவிட மறக்க வேண்டாம்.