ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குபவர்களுக்கு: பளிச்சென்ற வியூஃபைண்டர் போட்டோவை நம்பாதீர்கள்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை நேரில் பார்க்காமல் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் கட்டிவிட்டேன்.

பதினைந்து வருடமாக எஸ்எல்ஆர் மட்டுமே வைத்திருந்தவன். அதில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக வந்து, கண்ணாடியில் பட்டு, ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழும் பிம்பம். ஃபோகஸ் விலகினால் காட்சியே மங்கும். லென்ஸுக்குள் பூஞ்சை மண்டிக் கிடந்தால் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் தெளிவாக இருந்தால் கேமராவும் நன்றாக இருக்கும் என்று கண் பழகிவிட்டது. விற்றவர் பிடித்தது இந்தப் பழக்கத்தைத்தான்.

ரேஞ்ச்ஃபைண்டரில் வியூஃபைண்டர் தனி ஜன்னல். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் உள்ளே எல்லாம் பளிச்சென்றே இருக்கும். ஃபோகஸைச் சொல்வது நடுவில் இருக்கும் சின்னப் பேட்ச் மட்டும். பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் இரண்டாவது பிம்பம் அங்கே விழும். ரிங்கைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காட்டுவது அரைகுறையாக வெள்ளி பூசிய ஒரு கண்ணாடி. வயதாக ஆக அந்தப் பூச்சு போய்விடும், பேட்சும் மங்கிவிடும்.

எனக்கு வந்த போட்டோவில் பேட்ச் மஞ்சளாக, அழுத்தமாகத் தெரிந்தது. 40 மி.மீ. லென்ஸ், அதிகபட்சத் திறப்பு எஃப் 1.7. வந்த அன்றே ஒரு ரோல் போட்டு, ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டியை முழுத் திறப்பில், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தேன். அந்தத் தூரத்தில் கூர்மையாக விழுவதே ஆறேழு சென்டிமீட்டர்தான். ரோல் கழுவி வந்தபோது பாட்டியின் கண் பஞ்சுபோல இருந்தது. பின்னால் நாற்காலியின் பிரம்புப் பின்னலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த ரோலில் கிட்டத்தில் எடுத்த எல்லாமே இப்படித்தான். பாட்டி அன்றைக்கு அப்படிச் சிரித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

விற்றவரிடம் கேட்டேன். “எஸ்எல்ஆர் பழகின கண்ணு சார், ரெண்டு மூணு ரோல் போட்டா சரியாயிடும்” என்றார். நம்பினேன். மூன்றாவது ரோல் வருவதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் வியூஃபைண்டரின் முன் ஜன்னலைத் துடைக்கும்போது துணியில் ஏதோ சிக்கியது. கண்ணாடியின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கறுப்பு டேப் துண்டு. உரித்துவிட்டுப் பார்த்தால் பேட்சையே காணோம். நேர்ப் பிம்பத்தின் நடுவை டேப் மறைத்ததால்தான் இரண்டாவது பிம்பம் எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. மங்கிய பேட்சுக்கு இப்படி ஒட்டிக்கொள்வது பலர் செய்யும் கைவைத்தியம்தான், அதில் தப்பில்லை. ஒட்டியதைச் சொல்லாமல் “ஃபைண்டர் பளிச்” என்று விற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனவே போட்டோ போதாது, வீடியோ கேளுங்கள். கண் வைத்துப் பார்க்கும் துளையில் போனைப் பிடித்து, ஃபோகஸ் ரிங்கைத் திருப்பிக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள். ரிங் முடிவிலியில் முட்டி நிற்கும்போது நிலாவோ தூரத்துக் கோபுரமோ ஒன்றாகச் சேர வேண்டும். ஜன்னல் கம்பி போன்ற கிடைக்கோட்டில் ஒரு பிம்பம் மேலேறித் தெரிந்தால் சீரமைப்பு கெட்டிருக்கிறது.

கேமரா கைக்கு வந்ததும், ஃபிலிம் போடுவதற்கு முன், பின்கதவைத் திறந்து ஷட்டரை ‘பி’யில் வைத்து, பட்டனை அழுத்தியே பிடித்திருங்கள்; அதுவரை ஷட்டர் திறந்தே இருக்கும். லென்ஸை முழுதாகத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் ஒளி கசியும் மங்கலான டேப்பை இறுக்கமாக ஒட்டி, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். பேட்ச் சேர்ந்த இடமும் டேப்பில் கூர்மையாகத் தெரியும் இடமும் ஒன்றா என்று அப்போதே தெரிந்துவிடும். டேப்பை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் பூஞ்சையும் தெரியும். எஸ்எல்ஆரிலும் கண்ணாடி உட்காரும் கோணம் மாறியிருந்தால் ஃபோகஸ் ஏமாற்றும். இதே சோதனை அதற்கும் சரிவரும்.

என் கேமரா இப்போது மெக்கானிக்கிடம். அந்த வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியையே மாற்றி, விலகியிருக்கும் ஃபோகஸ் சீரமைப்பையும் சரிசெய்ய வேண்டுமாம். அதே விற்பனையாளர் நேற்று இன்னொரு ரேஞ்ச்ஃபைண்டருக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். முன்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலின் நடுவில் அதே கறுப்புத் துண்டு.