ஆட்டோகிராஃப் வாங்க எங்கே போகலாம்: ஆர்லிங்டனா, அரிசோனாவா, ஃபிரிஸ்கோவா?

பேஸ்பால் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், டிவியில் பார்ப்பது ஒரு கட்டத்துக்கு மேல் போதாது. பிளேயரைப் பக்கத்தில் பார்க்க வேண்டும், பந்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தொடங்கிவிடும். டாலஸ் வடக்குப் பகுதியில் குடியிருக்கும் எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஆர்லிங்டனில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆடும் குளோப் லைஃப் ஃபீல்ட். இரண்டு, சீசனுக்கு முன் மார்ச் மாதம் அரிசோனாவில் நடக்கும் ஸ்பிரிங் டிரெய்னிங் பயிற்சி முகாம். மூன்று, பக்கத்திலேயே இருக்கும் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ், ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி. அதாவது உச்ச நிலையான மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே ஆடும் அணி. காசு கொடுத்து வாங்குவதும் தபாலில் கேட்பதும் தனி. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்றையும் பார்த்துவிட்டு இப்போது ரஃப்ரைடர்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டோம். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெரிய மைதானத்தில் பெரிய ஆட்கள் இருப்பார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் உள்ளூர் அணிதான் முதலில் பேட்டிங் பிராக்டிஸ் செய்யும், வந்த அணி அடுத்து. ரசிகர்களுக்குக் கதவு திறக்கும் நேரத்தில் உள்ளூர் அணி பெரும்பாலும் பயிற்சியை முடித்து உள்ளே போயிருக்கும். ரேஞ்சர்ஸ் சட்டை போட்டுக்கொண்டு ஓடி வரும் பிள்ளைக்குக் கண்ணில் படுவது எதிரணிக்காரர்கள்தான். ஞாயிறு மதிய ஆட்டம் நமக்கு வசதி, ஆனால் அன்று பெரும்பாலும் மைதானத்தில் பேட்டிங் பிராக்டிஸே இருக்காது. அப்புறம் வலை. 2018 சீசனிலிருந்து மேஜர் லீக்கின் 30 மைதானங்களிலும் இரண்டு டக்கவுட்களின் (வீரர்கள் உட்காரும் இடம்) கடைசி முனை வரைக்கும் வலை கட்டியிருக்கிறார்கள். அடித்த பந்து தெறித்துக் குழந்தைகளுக்கு அடிபட்ட பிறகு வந்த ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் டக்கவுட்டுக்கு மேலே நின்று பந்தை நீட்டுவது அத்தோடு போயிற்று. வலை முடியும் மூலையில் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்கும் ஆளின் முதுகு மட்டும்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் பிள்ளைக்குப் பிடித்த அணி வெளியூர் அணி என்றால் கணக்கு தலைகீழ். டாலஸில் வளரும் யாங்கீஸ் ரசிகனுக்கு, யாங்கீஸ் ஆர்லிங்டன் வரும் வார நாளில் கதவு திறந்தவுடன் ஓடுவதைப் போல நல்ல வாய்ப்பு வேறு இல்லை.

அரிசோனாவைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ்வதில் நியாயமும் இருக்கிறது. 15 அணிகள், 10 மைதானங்கள், எல்லாம் ஃபீனிக்ஸைச் சுற்றியே. ஃப்ளோரிடாவிலும் 15 அணிகள் உண்டு, ஆனால் அங்கே ஊர்கள் இரு கரையிலும் சிதறிக் கிடக்கின்றன. நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ரேஞ்சர்ஸும் கான்சஸ் சிட்டி ராயல்ஸும் 2003 முதல் சர்ப்ரைஸ் என்ற ஊரில் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காலையில் பயிற்சி மைதானங்களுக்கு நடுவே வீரர்கள் நடந்து போவார்கள், வேலிக்கு இந்தப் பக்கம் நாம். எதுவரை அனுமதி என்பது அணிக்கு அணி, வருஷத்துக்கு வருஷம் மாறும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கினால் மூத்த வீரர்கள் நாலைந்து இன்னிங் ஆடிவிட்டு நடையைக் கட்டுவார்கள், அப்போது சிலர் வேலியோரம் நின்று கையெழுத்துப் போடுவதுண்டு. ஆகவே ஒன்பதாவது இன்னிங் வரை காத்திருந்து பயனில்லை. பெரிய வீரர்கள் வெளியூர் ஆட்டத்துக்கு அதிகம் பயணிக்க மாட்டார்கள் என்பதால், உங்கள் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

நட்சத்திரங்களை மூச்சுக்காற்று படும் தூரத்தில் பார்க்க அரிசோனாவுக்கு ஈடு இல்லை. இதை நான் மறுக்கவே மாட்டேன்.

பிறகு ஏன் ஃபிரிஸ்கோ? வெறுங்கையோடு திரும்பினால் என்ன விலை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆட்டோகிராஃப் என்பது முழுக்க அதிர்ஷ்டம். வீரருக்கு அன்றைக்குத் தோள் வலிக்கலாம், கோச் கூப்பிடலாம், மழை வரலாம், மனசே இல்லாமலும் இருக்கலாம். அரிசோனாவில் அப்படி ஆனால், விமான டிக்கெட்டும் மார்ச் மாத ஹோட்டல் கட்டணமும் ஸ்கூல் லீவும் அந்த ஏமாற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிள்ளையும் அதை உணரும், நாமும் முகத்தில் காட்டிவிடுவோம். "இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்று ஆரம்பித்தாலே போச்சு. ஃபிரிஸ்கோவில் கிடைக்காவிட்டால் "சரிடா கண்ணு, வியாழக்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கலாம்.

அந்த வியாழக்கிழமைக்கு ஒரு காரணம் உண்டு. 2021இல் மேஜருக்குக் கீழுள்ள மைனர் லீக்கை மாற்றியமைத்தபோது, மேஜர் அணிகளோடு இணைந்த அணிகளை 120 ஆக்கினார்கள்: 30 மேஜர் அணிகளுக்கும் ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு படிகள். நம் ரஞ்சி அணிகள் தனித்து நிற்பவை, இவை அப்படி அல்ல. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்களை மேலே கீழே நகர்த்துவதும் மேஜர் அணிதான். அதே மாற்றத்தோடு, பயணச் செலவைக் குறைக்க ஆறு ஆட்டத் தொடர் வந்தது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே இரண்டு அணிகள், ஒரே மைதானம், திங்கள் ஓய்வு. ஒரு வாரம் முழுக்க அதே முகங்கள் அதே வழியாக மைதானத்துக்குள் வருகின்றன. செவ்வாயன்று யார் எந்தப் பக்கம் ஓடுகிறார், யார் வேலியோரம் நிற்கிறார் என்று பார்த்துவைத்துக்கொண்டால் புதன், வியாழனில் கைகொடுக்கும். டபுள்-ஏ சீசனில் 138 ஆட்டங்கள், பாதி சொந்த மைதானத்தில். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் பாதி வரை இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. தொடக்க பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்து எறிபவர், தான் எறியும் நாளில் யாரோடும் பேச மாட்டார், அன்று அவரைத் தொந்தரவு செய்யவும் கூடாது. ஆனால் ஆறு ஆட்டத் தொடரில் அவருக்குப் பொதுவாக ஒரு நாள்தான் வேலை. மற்ற நாள்களில் மைதானத்தில் இருப்பார், ஓடுவார், பந்து பொறுக்குவார், கையெழுத்தும் போடுவார். யார் எந்த நாள் எறிகிறார் என்று அணி முன்கூட்டியே அறிவிக்கும். அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபிரிஸ்கோ மைதானத்தின் ஒரு விசேஷம்: பிட்சர்கள் தயாராகும் புல்பென்கள் பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவிலேயே அமைந்திருக்கின்றன. பிட்சர் வார்ம்-அப் செய்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், கேட்சரின் கிளவுஸில் பந்து விழும் சத்தத்தில் பிள்ளை கண்ணைச் சிமிட்டும். அவுட்ஃபீல்டுக்கு அப்பால் லேசி ரிவர் நீச்சல் குளம் வேறு. அது ஆட்டோகிராஃபுக்கு உதவாது, தங்கச்சி தம்பிகளை அமைதிப்படுத்த உதவும்.

நடைமுறைக்கு வருவோம். இந்த நிலையில் உள்ள வீரர்களை யாருக்கும் முகம் தெரியாது, பிள்ளைக்கு இருக்கும் பெரிய ஆயுதமே அதுதான். வீட்டில் இரு அணிகளின் வீரர் பட்டியலையும் நம்பரோடு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். "ஹே, நம்பர் 34!" என்று கத்துபவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பெயர் சொல்லி, அதுவும் ப்ளீஸ் சேர்த்துக் கூப்பிடுகிற சிறுமி ஒருத்திதான் இருப்பாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம், அன்று எறிய வேண்டியிராத ஒரு பிட்சர் கிளவுஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்றாம் பேஸ் பக்கமாக வந்தார். மகள் பேரைச் சொன்னாள். நின்றவர், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் பட்டியலைக் காட்டினாள். எங்கள் பிரிண்டர் அவர் முகத்தைப் பாதி நீலமாக அடித்திருந்தது, அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். பேனா எழுதவில்லை. தன் மணிக்கட்டிலேயே நாலு கிறுக்குக் கிறுக்கி மை வரவழைத்து, அவள் சட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அவள் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்த ஸ்டிக்கர் யோசனையை எல்லோருக்கும் சொல்வேன். நம் பிள்ளைகளின் பெயரை அவர்கள் காதால் கேட்டு எழுதுவது நடக்காத காரியம். பெயர் போட்டு வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. எடுத்துப்போய் விற்கிற ஆட்கள் பெயர் போடச் சொல்ல மாட்டார்கள், பெயர் இருந்தால் விலை போகாது. பெயரைக் கேட்டவுடன் வீரருக்கு இது வீட்டு அலமாரிக்குப் போகும் பந்து என்று புரிந்துவிடும். அந்த ஆட்கள் மைனர் லீக்கிலும் உண்டு, வீரர்கள் படம் போட்ட பேஸ்பால் கார்டுகள் அடுக்கிய தடிமனான ஃபைலோடு வருவார்கள். ஒருவர் தன் கார்டுகளை மகள் கையில் திணித்து, "நீ கேட்டா போட்டுத் தருவாங்க" என்றார். திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடம் இதை முன்னாடியே சொல்லி வையுங்கள்.

பந்துக்கு நீல பால்பாயின்ட் பேனா. ஷார்பி மார்க்கர் தோலில் நாளடைவில் பரவி மங்கலாகிவிடும், அது கார்டுக்கும் தொப்பிக்கும். தையல்கள் நெருங்கி வரும் குறுகிய இடத்தைத் திருப்பி நீட்டச் சொல்லுங்கள், ஒற்றைக் கையெழுத்துக்கு அதுதான் இடம். மைனர் லீக் கடைகளில் அந்த வருஷத்து அணியின் கார்ட் செட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். தன் படம் போட்ட கார்டைப் பார்த்தால் இந்த இளைஞர்களில் பலருக்கு முகமே மலர்ந்துவிடும், இன்னும் அவர்களுக்கு அது பழகிப்போகவில்லை.

குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. டபுள்-ஏவில் பார்க்கிறவர்களில் பலர் மேஜருக்குப் போகவே மாட்டார்கள். எங்கள் அலமாரியில் உள்ள பல பெயர்களுக்கு நாளைக்கு ஒரு மதிப்பும் இருக்காது. "கோரி சீகர் கையெழுத்துதான் வேணும்" என்று பெரிய நட்சத்திரத்துக்காகப் பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைக்கு ஃபிரிஸ்கோ பதில் ஆகாது. ஆனால் படி ஏறுகிறவர்கள் விறுவிறுவென்று ஏறுகிறார்கள். எவன் கார்ட்டர் 2023 சீசனின் பெரும்பகுதியை ஃபிரிஸ்கோவில்தான் ஆடினார். செப்டம்பரில் ரேஞ்சர்ஸுக்கு அழைக்கப்பட்டார், நவம்பர் 1 அன்று அந்த அணி தன் முதல் உலகத் தொடரை (மேஜர் லீக் சாம்பியன் பட்டம்) வென்றபோது அவுட்ஃபீல்டில் இருந்தார். அந்தக் கோடையில் வேலியோரம் அவரிடம் கையெழுத்து வாங்கிய பிள்ளைகள் அக்டோபர் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார்கள். தாய்வழியில் இந்தியரான குமார் ராக்கரும், முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2024இல் ஃபிரிஸ்கோவில் எறிந்துவிட்டு, அதே செப்டம்பரில் மேஜரில் அறிமுகமானார்.

காயம் தேறும் பெரிய வீரர்களும் சில நாள்களுக்குக் கீழே இறங்கி வருவார்கள். பேட்ஸ்மேன்களுக்கு 20 நாள், பிட்சர்களுக்கு 30 நாள் வரை அனுமதி. 2024 ஆகஸ்டில் ரேஞ்சர்ஸின் நட்சத்திர பிட்சர் ஜேக்கப் டிகிராம் அப்படி ஃபிரிஸ்கோவில் எறிந்தார். பார்க்க அருமையான நாள், ஆனால் கையெழுத்துக்கு நம்பிப் போகாதீர்கள். கூட்டம் அலைமோதும், அவர் வேலையை முடித்துவிட்டு நேரே உள்ளே போய்விடுவார்.

காசு கொடுத்து வாங்குவது பற்றிச் சுருக்கமாக. ஆலனில் நடக்கும் டாலஸ் கார்ட் ஷோ போன்ற இடங்களில் பணம் கட்டி வரிசையில் நின்றால் கையெழுத்து நிச்சயம். ஓட்டானி மாதிரி உச்ச நட்சத்திரம் என்றால் விலை ஆயிரக்கணக்கான டாலரில் போகும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் மேஜர் லீக்கின் ஹாலோகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். 1990களில் போலிக் கையெழுத்துக் கும்பல்களை எஃப்.பி.ஐ. பிடித்த பிறகு, 2001இல் வந்த ஏற்பாடு அது. பெரிய பேட்ஸ்மேன் டோனி க்வின், தான் ஆடிய சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்கப்படுவதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் பிள்ளைக்கு வேண்டியது கையெழுத்தோடு அந்த அரை நிமிஷப் பேச்சும். கடையில் அது கிடைக்காது. தபாலில், கடிதத்தோடு ஒரு கார்டும் நம் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் வைத்து அணி முகவரிக்கு அனுப்பலாம். ஓய்வுபெற்ற வீரர்கள் நன்றாகப் பதில் போடுகிறார்கள் என்று இதில் பழகியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் அனுபவம் குறைவு. பந்தை மட்டும் தபாலில் அனுப்ப வேண்டாம், திரும்பி வராவிட்டால் வயிறு எரியும்.

டாலஸில் இல்லாதவர்கள் பக்கத்தில் என்ன அணி என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். நம்மவர்கள் நிறைந்த ஊர்களுக்குப் பக்கத்திலேயே பல அணிகள் இருக்கின்றன. நியூஜெர்சியில், வெங்கடேஸ்வரா கோயில் இருக்கும் அதே பிரிட்ஜ்வாட்டரில் யாங்கீஸின் டபுள்-ஏ அணி சாமர்செட் பேட்ரியாட்ஸ். ஹூஸ்டன்காரர்களுக்குச் சுகர் லேண்ட் ஸ்பேஸ் கவ்பாய்ஸ், அட்லாண்டாவில் குவினெட் ஸ்ட்ரைப்பர்ஸ், வட கரோலினாவில் டர்ஹாம் புல்ஸ், பே ஏரியாவில் சான் ஹோசே ஜயன்ட்ஸ். இவற்றில் ட்ரிபிள்-ஏ அணிகளில் மேஜருக்குப் போய்வந்த மூத்தவர்கள் அதிகம், சிங்கிள்-ஏவான சான் ஹோசேயில் எல்லோரும் சின்னப் பசங்கள். பிள்ளையோடு நின்று பேச அந்தச் சின்னப் பசங்களே மேல் என்பது என் ஊகம். டெக்சஸில் இருப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் முடித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மாலை ஐந்து மணிக்கு அந்தக் கம்பி வேலியைத் தொட்டால் கை சுடும்.