தானிய நடைச் சுற்றுலா: கோதுமை கிடைத்தது, மேயர் கிடைக்கவில்லை

போன சனிக்கிழமை சிகாகோவில், தானிய வியாபார வரலாறு என்று சொல்லி நடத்தும் இரண்டு மணி நேர நடைச் சுற்றுலாவுக்குப் போனேன். நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம், திட்டவும் போகிறேன்.

நான் காசு கட்டியதே ஜூலியன் ரம்ஸிக்காகத்தான். 1835இல் பொடியனாக சிகாகோ வந்து, நியூபெரி அண்ட் டோல் கம்பெனியில் சேர்ந்து, தானிய வியாபாரியாக வளர்ந்து, 1861இல் மேயர் ஆனவர். 1839இல் அந்தக் கம்பெனி 1,678 புஷெல் (அங்கே தானியம் அளக்கும் அளவு) கோதுமையைக் கப்பலேற்றியதே, ஊரிலிருந்து போன முதல் பெரிய கோதுமைச் சரக்கு, 45 டன் சொச்சம், அப்போது இவருக்கு வயது 16. ஆற்றங்கரையில் வழிகாட்டி இந்த இடத்தை அருமையாகச் சொன்னார்: வண்டியில் வந்த கோதுமையைக் கயிறும் கப்பியும் போட்டு ஆள்களே மாடிக்கு இழுத்து, அங்கிருந்து சரிவாக நாலு புஷெல் பெட்டியில் இறக்கி, எடை போட்டு, பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள் கொட்டினார்களாம். இல்லாத கயிற்றை அவர் இழுத்துக் காட்டியதில் எனக்கே தோள் வலித்தது.

1848இல் தொடங்கிய போர்டு ஆஃப் டிரேடு என்ற தானியச் சந்தை பற்றியும் குறையில்லை. மூட்டைக்கு மூட்டை பிரித்துப் பார்த்து விலை பேசிய காலம் போய், கோதுமைக்குத் தரம் குறித்து, ஒரே தரத்தை ஒன்றாகக் கொட்டிவைத்து, ரசீதை மட்டும் கைமாற்ற ஆரம்பித்த கதையை மண்டிப் பக்கமே போகாதவருக்கும் புரியும்படி சொன்னார்.

சரி, அந்த போர்டுக்கே தலைவராக இருந்த ரம்ஸி? மேயர் பதவிக்கு இரண்டே வாக்கியம். அவர் வந்த நேரத்தில்தான் உள்நாட்டுப் போரே வெடித்தது, அதைக்கூடத் தொடவில்லை. அந்த நேரமெல்லாம் சிகாகோ தாதா அல் கபோனுக்குப் போனது, அவருக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தமோ. காதில் மாட்டக் கொடுத்த கருவி வேறு பாதி வழியில் கரகரவென்று இரைந்தது, மாற்றித் தரச் சொன்னால் 'கிட்ட வந்து நில்லுங்கள்' என்கிறார்கள்.

கடைசி நிறுத்தம் 1930இல் கட்டிய போர்டு ஆஃப் டிரேடு கட்டடம். 44 மாடிக்கு மேலே தானிய தேவதை சீரிஸ், கையில் கோதுமைக் கதிர், ஆனால் முகம் கிடையாது. அவ்வளவு உயரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்களாம். நான் பார்த்தேன், பைனாகுலர் கொண்டுபோயிருந்தேன். நீங்களும் எடுத்துப் போங்கள், அப்புறம் கிளம்பும் முன்பே காதுக் கருவியைச் சோதித்து வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை.