ஓராண்டுத் திட்டமா, ஒரே நூலா? பைபிள் வாசிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பைபிளை ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் முதல் நாளே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார். எங்கே தொடங்குவது? முதல் பக்கத்திலா, நற்செய்தி நூல்களிலா, பிடித்த சங்கீதத்திலா? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் நியாயமும் இருக்கும். ஆனால் எல்லா வழியும் ஒரே பலனைத் தருவதில்லை. சில வழிகள் பரப்பைக் காட்டும், சில ஆழத்தைக் காட்டும். சிலவற்றில் வாசித்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும்தான் மிஞ்சும்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், ஒரு நூலை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு ஈடாக வேறு வழி இல்லை. மற்றவை அதற்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

அதிகம் பேர் கையில் எடுப்பது ஓராண்டுத் திட்டம். புராட்டஸ்டண்ட் பைபிளில் 66 நூல்கள், 1189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் வரும். (கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும்.) இதன் பெரிய பலம், எதையும் தாண்டிப்போக விடாது என்பது. எபிரெயர் 9ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் இரத்தத்தோடு உள்கூடாரத்துக்குள் போவதாக வருகிறது. லேவியராகமம் 16ஐ வாசிக்காதவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். வாசித்தவருக்கு அந்த நாளின் பயம், இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், பாவங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் கடா, எல்லாம் கண்முன் வரும். இப்படிப்பட்ட முன்னறிவு முழு பைபிளையும் கடந்து வந்தவருக்குத்தான் கிடைக்கும்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. இந்த 90 அதிகாரங்களைக் கடக்க நான்கு வாரம் ஆகும். ஜனவரி 1 அன்று உற்சாகமாகத் தொடங்கியவர், மாதக் கடைசியில் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்கு நடுவே வந்து நிற்பார். அதற்கு முன்பே யாத்திராகமம் 25இலிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும். 35இலிருந்து அதே விவரங்கள் இன்னொரு முறை வரும். தடுமாறுவது இங்கேதான். நான்கு நாள் தவறினால் பதிமூன்று அதிகாரம் பாக்கி. பாக்கியைத் தீர்க்க உட்கார்ந்தால் கண் ஓடுமே தவிர மனம் எதிலும் நிற்காது.

இதே ஓராண்டை வேறு மாதிரி பிரித்தவர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சபைப் போதகராக இருந்தவர். 1842இல் தன் சபையாருக்காக அவர் தயாரித்த அட்டவணையில் ஒரு நாளைக்கு நான்கு வாசிப்புகள், நான்கும் வெவ்வேறு நூல்களிலிருந்து. ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, எஸ்றா 1, மத்தேயு 1, அப்போஸ்தலர் 1. உலகத்தின் தொடக்கம், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் தொடக்கம், இயேசுவின் வரலாற்றின் தொடக்கம், சபையின் தொடக்கம். ஆண்டு முடியும்போது பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். லேவியராகமத்தில் சலிப்பவருக்குப் பக்கத்திலேயே வேறொரு நூல் கைகொடுக்கும். ஆனால் ஒரே அமர்வில் நான்கு காலத்துக்கும் நான்கு சூழலுக்கும் தாவ வேண்டும். ஏற்கெனவே பைபிளோடு பழகியவருக்கு அது இனிமை, புதியவருக்குத் தலைசுற்றல். மெக்செய்ன் மீது எனக்கு மரியாதை கூடுவது வேறொரு காரணத்தால். திட்டத்தைக் கொடுத்தபோதே அதன் ஆபத்துகளையும் அவரே எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்க நேரலாம், சுமக்க முடியாத நுகமாகலாம். இன்றைய செயலிகளில் திட்டங்களுக்குக் குறைவில்லை. இப்படி ஓர் எச்சரிக்கையைத்தான் பார்ப்பது அரிது.

அடுத்தது காலவரிசை வாசிப்பு. பைபிள் நூல்கள் நடந்த வரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல. பவுலின் நிருபங்கள் ஏறக்குறைய நீளத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. எரேமியா 21 யூதாவின் ராஜா சிதேக்கியாவின் காலம். 25ஆம் அதிகாரம் அதற்கு முந்தைய ராஜா யோயாக்கீமின் காலம். இதையெல்லாம் நேராக்கி வாசித்தால் சில இடங்கள் சட்டென்று துலங்கும். தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் வந்து அவருடைய பாவத்தைச் சுட்டிக்காட்டும் 2 சாமுவேல் 12ஐ முடித்த கையோடு, தாவீதின் மன்னிப்பு ஜெபமான சங்கீதம் 51ஐ வாசித்துப் பாருங்கள். எஸ்றா 5இல் ஆகாயும் சகரியாவும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று ஒரே வரியில் வருகிறது. அங்கேயே நின்று ஆகாயின் இரண்டு அதிகாரங்களையும் வாசித்தால், பாதியில் நின்ற ஆலயக் கட்டட வேலையின் விவரம் முழுதாகக் கிடைக்கும்.

என்றாலும் காலவரிசையை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். யோபுவை எங்கே வைப்பது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் நான்கு நற்செய்திகள். எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோக்கும்போது ஒவ்வோர் ஆசிரியரும் யோசித்து அமைத்த வரிசை கலைந்துவிடுகிறது. இது புதிய ஆசையும் அல்ல. 2ஆம் நூற்றாண்டிலேயே தாசியன் என்பவர் நான்கையும் ஒன்றாக இணைத்து ஒரு நூல் செய்தார். சிரியத் திருச்சபைகளில் அது பல தலைமுறை வழக்கில் இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் ஆயர் தியோடரெட் தன் பகுதியில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்துவிட்டு, நான்கு நற்செய்திகளையும் தனித்தனியாகத் திரும்பக் கொடுத்தார். அவர் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

வாக்குத்தத்த வசனங்களைப் பொறுக்கி வாசிப்பது பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும், ஏனென்றால் பலருக்கு பைபிள் என்றாலே அதுதான். எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்ற அந்த வசனம் புத்தாண்டு அட்டை முதல் கைபேசித் திரை வரை வரும். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருவது அது. அதற்கு முந்தைய வசனத்தில் என்ன இருக்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே போனால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்று இருக்கிறது. முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் காரணம் புரியும். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் ஆலயத்தில் நின்று, எல்லாருக்கும் பிடித்த தீர்க்கதரிசனம் சொல்கிறான். அது பொய் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார் எரேமியா. அப்புறம் வருகிறது இந்தக் கடிதம். அதாவது, சீக்கிரம் நல்லது நடக்கும் என்ற பொய்க்கு எதிராக எழுதப்பட்ட கடிதத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் உருவி, சீக்கிரம் நல்லது நடக்கும் என்பதற்கு ஆதாரமாக்கி வைத்திருக்கிறோம். வசனம் ஆறுதல் தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுக் கடிதமும் தரும் ஆறுதல் இதைவிட உறுதியானது: தன் வாழ்நாளில் ஊர் திரும்ப மாட்டோம் என்று தெரிந்தவருக்கும் அது பேசுகிறது.

வசன எண்களை ஆசிரியர்கள் போடவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டனோடு தொடர்புடையது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பில் வந்தவை. தேடி எடுக்க வசதியான ஏற்பாடு, ஆனால் கருத்து அந்த இடத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது என்று அர்த்தமில்லை.

சரி, ஒரே நூலைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அப்படி என்ன கிடைக்கும்? மாற்கு 16 அதிகாரம்தான். ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் வாசிப்பில் கதை ஓடும். இரண்டாவது வாசிப்பில் 8ஆம் அதிகாரத்துப் பெத்சாயிதா குருடன் உங்களை நிறுத்துவான். இயேசு அவன்மேல் கைவைத்தபின், மனுஷர் மரங்களைப்போல நடப்பதைக் காண்கிறேன் என்கிறான். இன்னொரு முறை கைவைத்த பிறகுதான் தெளிவாகப் பார்க்கிறான். ஏன் இரண்டு தடவை? மூன்றாவது வாசிப்பில், அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று கவனிப்பீர்கள். நீர் கிறிஸ்து என்று பேதுரு சொல்கிறார். உடனே, பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதைக் கேட்டு அவரையே கடிந்துகொள்கிறார். பேதுருவுக்கும் பாதிதான் தெரிகிறது.

அங்கிருந்து 10ஆம் அதிகாரம்வரை தன் மரணத்தைப் பற்றி இயேசு மூன்று முறை சொல்கிறார். மூன்று முறையும் சீஷர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்: ஒருமுறை பேதுருவின் கடிந்துகொள்ளல், ஒருமுறை யார் பெரியவன் என்ற வழக்கு, ஒருமுறை யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் கேட்பது. அந்தப் பகுதி முடிகிற இடத்தில் இன்னொரு குருடன், பர்திமேயு. உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடம் கேட்கிறார். சில வசனங்களுக்கு முன்பு யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டது இதே கேள்வி. அவர்கள் ஆசனம் கேட்டார்கள், இவன் பார்வை கேட்கிறான். பார்வை பெற்றதும் எருசலேமுக்குப் போகிற வழியில் அவர் பின்னால் நடக்கிறான். இரண்டு குருடர்களுக்கு நடுவே மாற்கு எதை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதுவும் தேவையில்லை, திரும்ப வாசித்தாலே போதும்.

ஞாயிறு வாசகப் பட்டியலை இதோடு வைத்துப் பார்த்தால் அதன் பலமும் குறையும் தெரியும். கத்தோலிக்கரும் பல புராட்டஸ்டண்ட் சபைகளும் பின்பற்றுவது மூன்றாண்டுச் சுழற்சி: மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒன்று. நமக்குப் பிடித்ததை மட்டும் வாசிக்க அது விடாது. உலகெங்கும் பலர் அதே பகுதியை அதே நாளில் கேட்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். ஆனால் மாற்கு ஆண்டின் நடுவில் சில வாரங்கள் யோவான் 6ஆம் அதிகாரத்துக்குப் போய்விடும். பேதுருவின் அறிக்கையும் பர்திமேயுவும் ஞாயிறு வாசகத்தில் வருவார்கள். பெத்சாயிதா குருடன் வருவதில்லை. முதல் குருடன் இல்லாமல் இரண்டாமவனின் இடம் புரியாது. பட்டியலைக் குறை சொல்லவில்லை, அதன் வேலை வழிபாடு. வீட்டில் முழு நூலையும் வாசிப்பவருக்கு ஞாயிறு வாசகம் இரட்டிப்பாகப் பேசும்.

மடாலய மரபில் வந்த மெதுவான தியான வாசிப்பு (வாசித்தல், அசைபோடுதல், ஜெபித்தல், மௌனத்தில் தங்குதல்) ஜெபத்துக்கு மிக நல்லது. ஆனால் நூலைத் தெரிந்துகொண்ட பிறகு செய்தால்தான் மனம் போன போக்கில் பொருள் கொள்ளாமல் இருக்கலாம்.

விளக்கவுரை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் ஒன்று உண்டு. வேண்டாம் என்பவர்களுக்கு, அப்போஸ்தலர் 8இல் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரியை நினைவுபடுத்துகிறேன். ஒருவர் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றுதான் அவர் பிலிப்பைக் கேட்டார். மாற்குவே 7ஆம் அதிகாரத்தில் யூதரின் கைகழுவும் வழக்கத்தைத் தன் வாசகர்களுக்கு நிறுத்தி விளக்குகிறார். ஆக, உதவி தேவை. ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. முதல் வாசிப்பிலேயே பக்கத்தின் அடிக்குறிப்புக்குக் கண் போனால் கேள்வி பிறக்கும் முன்பே பதில் வந்துவிடும், அப்படி வந்த பதில் மனதில் தங்காது.

விளக்கவுரைக்கு முன் ஒத்துவாக்கியக் குறிப்புகளை, அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புள்ள வேறு வசனங்களைக் காட்டும் குறிப்புகளை, பயன்படுத்துங்கள். மாற்கு 11இல் இயேசு கனியில்லாத அத்திமரத்தைச் சபிக்கிறார், ஆலயத்தைச் சுத்திகரிக்கிறார், மறுநாள் மரம் பட்டுப்போயிருக்கிறது. பழக்காலமே இல்லாதபோது மரத்தின்மேல் என்ன கோபம் என்று கேட்காதவர் இல்லை. ஆலயத்தில் அவர் சொன்ன 'கள்ளர் குகை' என்பதன் குறிப்பு எரேமியா 7:11க்குக் கொண்டுபோகும். அங்கேயே தொடர்ந்து வாசித்தால் 8:13இல் அத்திமரத்திலே பழங்கள் இராது என்று வருகிறது. மரமும் ஆலயமும் ஒரே செய்தி என்பது அப்போது தெரியும். அதன்பின் விளக்கவுரையைத் திறந்தால், அதோடு உரையாட உங்களிடமும் ஏதாவது இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை இது. ஒரு மாதம் மாற்கு மட்டும், முடிந்தவரை ஒரே அமர்வில். அடுத்து லூக்காவும் அப்போஸ்தலரும். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு ஒரே ஆசிரியர் எழுதியவை, பிரிக்காமல் வாசியுங்கள். அதற்குப் பிறகு ஆதியாகமம், யாத்திராகமம். ஆண்டுக்கணக்கில் சபைக்குப் போய்வந்து, தெரிந்த பகுதிகளையே சுற்றிக்கொண்டிருப்பவர் ஒருமுறையாவது ஓராண்டுத் திட்டத்தை எடுக்கட்டும். தவறிய நாள்களை அடைக்க முயலாமல், அன்றைய பகுதியிலிருந்து தொடரட்டும். ஓராண்டுத் திட்டத்தை ஏற்கெனவே முடித்தவர் அதையே மறுபடி தொடங்குவதற்குப் பதில் எரேமியாவுக்கு மூன்று மாதம் கொடுக்கட்டும், காலவரிசைப் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.