பெரியப்பாவின் டகுமார்: பினாங்கில் ஆறு வருடப் பழக்கம்

பெரியப்பா கல்யாணப் படம் எடுத்த காலத்து லென்ஸ் ஒன்று பட்டர்வொர்த் வீட்டு அலமாரியில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அசாகி பெண்டாக்ஸின் சூப்பர் டகுமார் 50 மிமீ, எஃப் 1.4 (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவு, எண் சிறியதானால் துளை பெரியது). கேமரா எப்போதோ பழுதாகிப் போய்விட்டது, லென்ஸை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 2019 கடைசியில் அதை என் கையில் கொடுத்தபோது கண்ணாடி தேநீர் நிறத்தில் இருந்தது. ஃபோகஸ் வளையம் இறுகிப் போயிருந்தது. அன்றிலிருந்து என் சோனி ஏ7 இரண்டாம் தலைமுறை கேமராவில் பெரும்பாலும் இந்த லென்ஸ்தான் மாட்டியிருக்கிறது. பழைய லென்ஸ் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: வாங்குவது சுலபம், நம்ம ஊர் ஈரத்தில் அதைக் காப்பாற்றத் தயாரா என்று முதலில் யோசியுங்கள்.

இது எம்42 என்ற திருகு மரை லென்ஸ். மரையின் விட்டம் 42 மிமீ, பெயரும் அதிலிருந்து வந்ததுதான். லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து பிலிம் வரை 45.46 மிமீ இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. என் சோனியின் லென்ஸ் மாட்டும் வாயான இ மவுண்டில் சென்சார் வரையான தூரம் 18 மிமீதான். மிச்சமுள்ள 27.46 மிமீயை அடாப்டர் என்ற ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பினால் போதும், நடுவில் கண்ணாடி எதுவும் தேவையில்லை. என் பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆரில் இது முடியாமல் போனதற்குக் காரணமும் இந்தக் கணக்குதான். அங்கே தூரம் 46.5 மிமீ, லென்ஸுக்கு வேண்டியதைவிட ஒரு மிமீ கூடுதல். பக்கத்தில் இருப்பது தெளிவாக விழும், தூரத்தில் இருப்பது கடைசிவரை கலங்கலாகவே நிற்கும்.

ஒரு மிமீயில் சிறு பகுதி தவறினாலும் என்ன ஆகும் என்பதை முதல் அடாப்டர் காட்டியது. இணையத்தில் கிடைத்த மிக மலிவான ஒன்றை வாங்கியிருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும்போது கொடிமலையை நோக்கி வளையத்தைக் கடைசி வரை திருப்பினேன். மலை கூர்மையாகவில்லை. அடாப்டர் கொஞ்சம் தடித்துப் போயிருந்தது. போதாக்குறைக்கு லென்ஸைத் திருகும்போது மவுண்டும் சேர்ந்து லேசாக ஆடியது. இரண்டாவதாக வேறொரு தயாரிப்பை, மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். இன்றுவரை அசையவில்லை. லென்ஸில் மிச்சம் பிடித்தாலும் அடாப்டரில் பிடிக்காதீர்கள்.

மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். இந்த லென்ஸின் ஆரம்ப வகையில் எட்டு கண்ணாடிகள், அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இல்லை. பின்னால் வந்த ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, என்னுடையது அந்த வகை. ஆண்டுக்கணக்கில் அதன் கதிர்வீச்சே கண்ணாடியை மஞ்சளாக்கிவிடுகிறது. படம் எடுக்கும் பயன்பாட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்பதே பொதுவான கருத்து. ஆனால் அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது. புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் கலையும். ஒரு பெட்டிக்குள் அலுமினியத் தாள் விரித்து, சின்ன புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் ஐந்து நாள் வைத்தேன். ஒவ்வொரு காலையும் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்ப்பேன். தேநீர் நிறம் மெல்ல எலுமிச்சைச் சாற்றின் நிறத்துக்கு வந்தது. அந்த மகிழ்ச்சியைப் புது லென்ஸ் எதுவும் எனக்குத் தந்ததில்லை.

கேமராவில் மாற்ற வேண்டியவை அதிகமில்லை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதி கொடுக்க வேண்டும், ஏனென்றால் கேமராவுக்கு எதிரே லென்ஸ் இருப்பதே தெரியாது. இன்னொன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஏ7 இரண்டில் உடலுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருக்கிறது, அதற்குக் குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் 50 மிமீ போன்ற எண்ணை, நாம்தான் சொல்ல வேண்டும். இன்னொரு லென்ஸான 135 மிமீ டகுமாரை மாட்டிவிட்டு எண்ணை 50 என்றே விட்டுவிட்டேன் ஒருமுறை. கடல்மேல் மர வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் ஒரு மாலை முழுக்க எடுத்த படங்கள் மங்கலாகப் போயின. இப்போது லென்ஸ் மாற்றியதும் கை தானாக அந்த மெனுவுக்குப் போகிறது.

ஃபோகஸ்தான் பழக நாளெடுத்தது. பீக்கிங் என்று விளிம்புகளில் சிவப்புக் கோடு காட்டும் வசதி இருக்கிறதே, அதை நம்பி முதல் ஆறு மாதம் ஏமாந்தேன். எஃப் 1.4-இல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். கண் தெளிந்தால் காது தெளியாது. பீக்கிங் கண்ணிமையிலும் சிவப்புக் காட்டும், புருவத்திலும் காட்டும். இப்போது ஒரு பொத்தானில் உருப்பெருக்கத்தை வைத்திருக்கிறேன். அழுத்து, கண்ணைப் பார், வளையத்தை ஒரு மயிரிழை திருப்பு, மூச்சை விடு, எடு.

லிட்டில் இந்தியாவில் நடக்கும்போது இதெல்லாம் சரிப்படாது. அங்கே எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடுவேன். ஏறக்குறைய 2.3-லிருந்து 4.2 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். கடை முகப்பின் அஞ்சடி நடைபாதையில் எதிரே வருபவர் நான்கு எட்டில் இருக்கும்போது அழுத்தினால் போதும். எந்தத் தானியங்கி ஃபோகஸும் இதைவிட வேகமில்லை.

குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் பூ கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். முதல் தடவை படம் எடுக்கட்டுமா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே நின்றேன்.

"என்ன தம்பி, இன்னும் முடியலையா?"

"பழைய லென்ஸ் அக்கா, கையாலதான் சரி பண்ணணும்."

"சரி சரி, மெதுவா பண்ணுங்க. நானும் கையாலதான் கட்டுறேன்."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நார் விரல் இடுக்கில் ஓட, மல்லிகை இரண்டிரண்டாக முடிச்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேமரா முன் இறுகியிருந்த அவர் தோள் தளர்ந்ததை நான் திரையில் பார்த்தேன். தானியங்கி லென்ஸ் என்றால் முதல் நொடியிலேயே எடுத்து முடித்திருப்பேன், அந்த இறுகிய முகத்தைத்தான் கொண்டு வந்திருப்பேன்.

என்னிடமுள்ள வேறொரு பழைய லென்ஸ் ஹீலியோஸ் 44-2, 58 மிமீ, எஃப் 2. லோரோங் கூலிட் சந்தையில் பழைய கடிகாரங்களுக்கு நடுவே கிடைத்தது. ஜெர்மனியின் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவிச் சோவியத் நாட்டில் செய்தது. பின்னணியில் தூரத்து இலைகள் இருந்து, துளையை முழுக்கத் திறந்தால் பின்னணி சுழல்வதுபோல விழும். தாவரவியல் பூங்காவில் அழகாக இருக்கும், ஆனால் ஐம்பது படத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே படமாகத் தெரியும். ஒரு குணத்துக்காக மட்டும் லென்ஸ் வாங்கினால் இதுதான் நடக்கும்.

அந்த ஹீலியோஸைத்தான் நான் கெடுத்தேன். ஒரு மழைக்காலத்தில் தோல் பையோடு அலமாரிக்குள் வைத்துவிட்டு இரண்டு மாதம் தொடவில்லை. எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தால், உள்ளே ஓரத்திலிருந்து சிலந்தி வலைபோல வெள்ளை நூல்கள் கிளை விட்டிருந்தன. பூஞ்சை. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். பழுது பார்ப்பவர் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார், நூல்கள் போய்விட்டன. ஆனால் பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்த தடம் போகவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் அந்த இடம் இன்றும் வெளுக்கிறது. அடுத்த வாரமே ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிரை கேபினட் என்ற பெட்டியை வாங்கினேன். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம். அதன் விலை என் பழைய லென்ஸ்கள் எல்லாவற்றின் விலையையும் விட அதிகம், நான் செய்த மிகச் சரியான செலவும் அதுதான். அதோடு, குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கிளம்பினால் பையை அரை மணி நேரமாவது மூடியே வையுங்கள். உடனே திறந்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையில் ஆடி வரும் காவடியை இந்த லென்ஸால் துரத்தப் போய் இரண்டு வருடம் தோற்றேன். இப்போது அதற்குத் தானியங்கி லென்ஸ்தான். வெள்ளி ரத விளக்குகளுக்கு நேரே திருப்பினால் பழைய மேல் பூச்சு திணறும், படம் முழுக்க ஒரு வெண்படலம் விழும். கையால் ஓரத்தில் நிழல் கொடுத்தால் பாதி குறையும். ஆனால் காவடி எடுப்பதற்கு முன் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கும் முகங்கள், தேங்காய் உடைத்து ஓய்ந்தவர்களின் கைகள் எல்லாம் டகுமாரில்தான்.

போன வருடம் வளையத்தின் பழைய கிரீஸை மாற்றக் கொடுத்தேன். வந்ததும் கேமராவோடு பட்டர்வொர்த்துக்கு எடுத்துப் போனேன். பெரியப்பாவுக்கு இப்போது பார்வை சரியில்லை. கேமராவை மடியில் வைத்து, திரையைப் பார்க்காமல், கட்டைவிரலால் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"கிரீஸ் மாத்திட்டியா?"

"ஆமா பெரியப்பா."

"புதுசுல இப்படித்தான் இருந்துச்சு" என்றார். கேமராவைத் திருப்பித் தர அவருக்கு நேரமாயிற்று.